புதுச்சேரி உயர்மன்றமும் அரசியற் கடிதப் போக்கும்: 1746ஆம் ஆண்டு நிகழ்ச்சி தரும் சான்று

முன்னுரை

அரசு என்பது ஓருருவாகத் தோன்றினும் பல உறுப்புகளால் ஆயது. அவ்வுறுப்புகள் ஒன்றன் கருத்தை ஒன்று அறிந்து இயங்குதற்கு அரசியற் கடிதங்களே கருவியாகும். போர்களையும் உடன்படிக்கைகளையும் விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள், அவற்றிற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த கடிதப் போக்கினைப் பெரும்பாலும் குறிப்பளவிலேயே கூறிச் செல்கின்றன. ஆயினும், ஓர் அரசின் வலிமையையும் மெலிவையும் அறிதற்கு அக்கடிதப் போக்கினைக் காட்டிலும் சிறந்த அளவுகோல் பிறிதில்லை எனலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு ஆட்சி, தன் பிற கிளைகளோடும் நாட்டு அரசர்களோடும் எவ்வாறு செய்தித் தொடர்பு கொண்டிருந்தது என்பதையும், 1746இல் சென்னை வீழ்ந்தபோது அத்தொடர்பு எவ்வாறு முறிந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு இருவகைச் சான்றுகள் உள்ளன. ஒன்று, புதுச்சேரி உயர்மன்றம் பாரிசிலிருந்த வணிகக் கழகத்தோடும், வங்காளத்துச் சந்திரநாகூர் மன்றத்தோடும் நடத்திய கடிதப் போக்கு. 1911இல் ஆல்பிரடு மர்த்தினோ அவர்களின் முயற்சியால் தோன்றிய பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகம் அக்கடிதங்களைப் பல தொகுதிகளாக அச்சிட்டு உதவியது. மற்றொன்று, ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் தொடங்கித் தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு. 1846இல் கண்டெடுக்கப்பட்ட அந்நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1904 முதல் 1928 வரை சென்னை அரசினரால் 12 தொகுதிகளாக வெளியிடப்பெற்றது. முன்னது அனுப்பப்பட்ட சொல்லைக் காட்டும். பின்னது அச்சொல் பிறந்த சூழலைக் காட்டும். இரண்டனையும் ஒப்பிட்டு நோக்கினாலன்றி உண்மை முழுதும் புலப்படாது.

1. உயர்மன்றமும் அதன் கிளைகளும்

பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் 1674இல் நிலைகொண்டனர். 1693இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய இவ்வூர், 1697ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி 1699இல் மீண்டும் பிரெஞ்சுக்காரரை அடைந்தது. 1701இல் மன்னர் ஆணையால் இங்கு உயர்மன்றம் ஒன்று நிறுவப்பட்டது. அதுகாறும் மேலைக் கடற்கரையிலுள்ள சூரத்து பெற்றிருந்த முதன்மை அன்றுமுதல் புதுச்சேரிக்கு உரியதாயிற்று.

இவ்வுயர்மன்றம் ஒருங்கே இருவகைப் பணி புரிந்தது. கவர்னரைத் தலைவராகவும் வணிகக் கழகத்தின் மூத்த அலுவலர்களை உறுப்பினராகவும் கொண்டு ஆட்சி அலுவல்களை நடத்தியது; அதனோடு வழக்குகளைத் தீர்க்கும் முறைமன்றமாகவும் விளங்கியது. 1721இல் மாகியும், 1723இலும் மீண்டும் 1731இலும் ஏனாமும், 1739இல் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் வசமாயின. சந்திரநாகூரும் மசூலிப்பட்டினமும் முன்னரே அவர்தம் வணிக நிலையங்களாயிருந்தன. இவையெல்லாம் புதுச்சேரி உயர்மன்றத்துக்குக் கட்டுப்பட்டவை.

எனினும், கட்டுப்பாடு என்பது ஏட்டளவில் இருந்தது வேறு. நடைமுறையில் இருந்தது வேறு. 1731 முதல் சந்திரநாகூரின் தலைவராயிருந்த டூப்ளே, புதுச்சேரியிலிருந்து வந்த ஆணைகள் எல்லாவற்றையும் உவந்து ஏற்றவரல்லர். இரு மன்றங்களுக்கும் இடையே அந்நாளில் நடந்த கடிதங்களிற் பூசலும் குறைகூறலும் மலிந்துள்ளன. 1742ஆம் ஆண்டு சனவரியில் அவரே புதுச்சேரியின் கவர்னராக வந்தமர்ந்தார். கீழ்நிலை மன்றத்திலிருந்து மேல்நிலை மன்றத்தோடு வாதிட்டவர், பின்னர் மேல்நிலையிலிருந்து பிறரிடம் கீழ்ப்படிதலை எதிர்பார்க்கும் நிலையை எய்தினார். இது பின்னர்க் கூறப்படும் நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ள உதவுவதாகும்.

இந்நிலையங்களுக்குப் புறம்பாக, இந்துமாக் கடலிலுள்ள மொரீசியசுத் தீவும் பூர்போன் தீவும் 1735 முதல் லபூர்தொனே என்னும் கவர்னரின் ஆட்சியில் இருந்தன. இவர் புதுச்சேரிக் கவர்னருக்குக் கீழ்ப்பட்டவரல்லர். இருவரும் ஒரே வணிகக் கழகத்துக்கும் ஒரே மன்னர்க்கும் தனித்தனியே கடப்பாடுடையவர். தனித்தனியே ஆணை பெறுபவர். இடர்க்கு வித்து ஈண்டே ஊன்றப்பட்டது என்க.

2. கடிதம் சென்ற வழிகள்

பாரிசுக்குச் செல்லும் கடிதம் கப்பலையே நம்பியிருந்தது. கப்பலோ காற்றை நம்பியிருந்தது. புதுச்சேரியில் கப்பல்கள் ஒதுங்கி நிற்றற்குரிய இயற்கைத் துறைமுகம் இல்லை. அவை கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சலங்குகள் அலைகளைக் கடந்து சென்று ஆட்களையும் பொருள்களையும் கடிதப் பெட்டிகளையும் ஏற்றியிறக்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வாடைக்காற்று வலுக்கும்போது இக்கரையோரம் கப்பல்கள் நிற்பது பேரிடராகும். ஆகலின் ஆண்டின் ஒரு பகுதியில் மட்டுமே கடல்வழிச் செய்திக்கு இடமிருந்தது. இங்கிருந்து எழுதிய கடிதத்துக்குப் பிரான்சு நாட்டிலிருந்து விடை வருவதற்கு ஓராண்டுக்கு மேலாகும். ஒரு கப்பல் மூழ்கினும் மற்றொன்று சேர்ப்பிக்கும் என்னும் கருத்தால், ஒரே கடிதத்துக்குப் பல படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புதல் வழக்கம்.

உள்நாட்டுச் செய்திகளைத் தபால் ஓட்டக்காரர் கால்நடையாகக் கொண்டு சென்றனர். புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர்த் தொலைவு உண்டு. இடையில் ஆறுகளும் கழிகளும் உள்ளன. பாலமில்லாத அக்காலத்தில் மழை பெய்தால் ஓட்டக்காரர் ஆற்றங்கரையிற் காத்துக் கிடக்க நேரும். ஆர்க்காட்டு நவாபின் ஆட்களோ ஆங்கிலேயரோ வழியிற் கடிதத்தைப் பறித்தலும் உண்டு.

இவற்றால் ஓர் உண்மை போதரும். தொலைவிலுள்ள தலைமை, நிகழப்போவதை முன்னறிந்து ஆணையிட இயலாது. அருகிலுள்ள அலுவலரோ தலைமையின் கருத்தைக் கேட்டுச் செயற்பட இயலாது. ஆகவே எவர் எதில் முடிவு செய்யலாம் என்னும் வரையறை முன்னரே தெளிவாக வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வரையறை இல்லாவிடத்து, கடிதங்கள் மிகுந்தோறும் குழப்பமும் மிகும்.

3. துபாசியின் அலுவல்

பிரெஞ்சு அலுவலர் தம்முள் எழுதிய கடிதங்கள் பிரெஞ்சு மொழியில் அமைந்தன. நவாபுக்கும் பிற நாட்டுத் தலைவர்களுக்கும் எழுதியவையோ பாரசீக மொழியில் அமைதல் வேண்டும். வணிகரோடும் நெசவாளரோடும் பேசுதற்குத் தமிழும் தெலுங்கும் வேண்டும். கடற்கரை வணிகத்தில் போர்த்துகீசு மொழி பொதுமொழியாக வழங்கிற்று. இத்துணை மொழிகளுக்கும் நடுவே நின்றவர் தலைமைத் துபாசி. இரு மொழி வல்லவர் என்பது அப்பெயரின் பொருள்.

1746 பிப்ரவரியில் தலைமைத் துபாசியாயிருந்த கனகராய முதலியார் காலமானார். அப்பதவி உடனே முறைப்படி நிரப்பப்படவில்லை. எனினும் அதற்குரிய பணிகளை ஆனந்தரங்கப் பிள்ளையே ஆற்றிவந்து, பின்னர் அப்பதவியையும் எய்தினார். நவாபிடமிருந்து வரும் பாரசீகக் கடிதத்தை மதனானந்த பண்டிதர் போன்ற பாரசீகம் வல்லார் படித்துக் கூறுவர். அதன் பொருளைத் துபாசி கவர்னருக்கு எடுத்துரைப்பார். கவர்னர் கூறும் விடையைத் துபாசி கேட்டு, நாட்டு வழக்குக்கும் மரியாதைக்கும் ஏற்ற முறையில் எழுதுவிப்பார். ஒவ்வொரு படியிலும் சொல் மாறும்; சொல் மாறுந்தோறும் பொருளும் சிறிது மாறக்கூடும். ஆகவே துபாசியின் பணி மொழிபெயர்ப்பு மட்டுமன்று. எச்சொல்லை எவ்வளவு வன்மையாகச் சொல்வது என்று தேரும் அரசியற் பணியுமாகும்.

மொழிபெயர்ப்பிற் பிழை நேரின் விளைவு எத்தகையது என்பதை ஆனந்தரங்கரின் குடும்பமே பட்டறிந்திருந்தது. அவர்தம் உறவினராகிய நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் தலைமைத் தரகராயிருந்தவர். 1716இல் உயர்மன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. 1717இல் அவர் சிறையிலேயே உயிர் துறந்தார். தாம் அறியாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட தாள்களில் அவர் கையொப்பமிட நேர்ந்தது என்பதும், மொழிபெயர்ப்பு நடுநிலையாக நடைபெறவில்லை என்பதும் பின்னர் எழுந்த முறையீடுகளில் முதன்மையான குறைகளாகும். அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு சென்று முறையிட்டார், தீர்ப்பு மாற்றப்பட்டது, குருவப்பர் மன்னரால் சிறப்பும் செய்யப்பெற்றார். ஆயினும் மாண்டவர் மீண்டிலர். இவ்வரலாற்றை அறிந்த ஆனந்தரங்கர், தாம் கேட்டவற்றையும் சொன்னவற்றையும் நாள்தோறும் தமிழில் எழுதிவைத்தமை வியப்பன்று. அந்நாட்குறிப்பை இலக்கிய ஆர்வத்தின் விளைவாக மட்டும் கருதாது, தம் சொல்லுக்குத் தாமே வைத்துக்கொண்ட சான்றாகவும் கருதுதல் பொருந்தும்.

துபாசியின் வழியே அன்றி வேறு வழிகளும் இருந்தன. டூப்ளேயின் மனைவியார் தமிழ் அறிந்தவர். அவர் தமக்கென ஒற்றரையும் தூதரையும் வைத்துக்கொண்டு செய்தி பெற்றதையும் அனுப்பியதையும் ஆனந்தரங்கர் பலகாலும் மனக்குறையோடு குறித்துள்ளார். அவர்களிருவர்க்கும் இடையே பகைமை இருந்தமையால் அக்குறிப்புகளை அப்படியே ஏற்றல் சாலாது. ஆயினும் ஒரே ஆட்சியின் பெயரால் இருவேறு வழிகளிற் செய்தி சென்றது என்பது மறுக்கவொண்ணாததாகும்.

4. சென்னையின் வீழ்ச்சியும் கடிதப் பூசலும்

ஐரோப்பாவில் எழுந்த போரின் விளைவாக, 1746 சூலையில் லபூர்தொனே கப்பற்படையோடு இக்கரையை அடைந்தார். செப்டம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். ஆங்கிலக் கவர்னராகிய நிக்கலசு மோர்சு, புதிய நாட்காட்டிப்படி செப்டம்பர் 21ஆம் நாள் கோட்டையை ஒப்புவித்தார். போர்க்களத்தில் வெற்றி எளிதிற் கிடைத்தது. அதன் பின்னரே உண்மைப் போர் தொடங்கிற்று. அது பிரெஞ்சுக்காரர் தமக்குள் நிகழ்த்திய கடிதப் போர்.

கைப்பற்றிய ஊரை யாது செய்வது என்பதே வினா. அதனைப் பிரெஞ்சு நிலையமாக வைத்துக்கொள்ளலாம், இடித்துத் தரைமட்டமாக்கலாம், மீட்புப் பணம் பெற்றுத் திருப்பியளிக்கலாம். இம்மூன்றனுள் இறுதியதையே லபூர்தொனே விரும்பினார். பகைவர் நிலையங்களைக் கைப்பற்றித் தம் வசம் வைத்துக்கொள்ளலாகாது என்று 1741இல் அமைச்சர் ஓரி தமக்கு அளித்த அறிவுரையை அவர் சான்றாகக் காட்டினார். கடலிற் படைத்தலைமை தமக்கே உரியது என்பது அவர் வாதம்.

டூப்ளேயோ வேறு வகையில் வாக்களித்திருந்தார். தம் ஆட்சி எல்லையில் போர் நிகழ்வதை விரும்பாத நவாபு அன்வாருதீனைச் சமாதானப்படுத்தும்பொருட்டு, சென்னையை வென்றபின் அதனை நவாபிடமே ஒப்புவிப்பதாக அவர் எழுதுவித்திருந்தார். கரையில் வென்ற நிலம் எதுவாயினும் அது புதுச்சேரி உயர்மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது அவர் வாதம்.

இங்ஙனம் ஒரே ஊரைப் பற்றி, ஒரே மன்னரின் பெயரால், ஒருவர் ஆங்கிலேயரிடத்தும் மற்றவர் நவாபிடத்தும் ஒன்றுக்கொன்று முரணான வாக்குகளை அளித்தனர். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர்த் தொடக்கத்திலும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கடிதங்கள் ஓயாது சென்றன. ஒரு கடிதத்துக்கு விடை வருமுன் அடுத்த கடிதம் புறப்பட்டது. தொடக்கத்தில் நயமாக அமைந்த நடை, நாளடைவில் வெம்மையுற்றது. உயர்மன்றம் தன் ஆணையை நிறைவேற்றும்பொருட்டுச் சென்னைக்கு அலுவலர்களை அனுப்பியது. லபூர்தொனே அவர்களைச் சிறைப்படுத்தினார்.

இந்நிலையில், பிரான்சிலிருந்து வந்த கப்பல்கள் அமைச்சரின் ஆணை ஒன்றைக் கொணர்ந்தன. கப்பற்படைத் தலைவர் உயர்மன்றத்தின் முடிவுக்குக் கட்டுப்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. உயர்மன்றம் அதனை உடனே லபூர்தொனேக்கு அறிவித்தது. ஆனால் அது 1745 அக்டோபரில், சென்னை முற்றுகை எவர் கனவிலும் இல்லாதபோது எழுதப்பட்டது. அதனை எழுதிய ஓரியும் அதற்குள் பதவியினின்று நீங்கியிருந்தார். அவ்வாணை தமக்குப் பொருந்தாது என்று லபூர்தொனே விடையிறுத்தார். வேண்டியபோது வாராத ஆணை, வந்தபோது பயன்படாதாயிற்று.

அக்டோபர் 13ஆம் நாள் இரவு கடும்புயல் எழுந்தது. சென்னைக் கடலில் நின்ற கப்பல்களுள் சில மூழ்கின. பிற பாய்மரம் இழந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பர். வாடைக்காற்று தொடங்கும் பருவத்தில் அக்கப்பல்கள் அங்கு நின்றதற்கு இப்பூசலால் நேர்ந்த காலத்தாழ்வும் ஒரு காரணமாகும். 11 லட்சம் வராகன் மீட்புப் பணத்துக்கு ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அக்டோபர் 23ஆம் நாள் லபூர்தொனே சென்னையை விட்டு நீங்கினார்.

உயர்மன்றம் அவ்வுடன்படிக்கை செல்லாது என்று நவம்பரில் அறிவித்தது. அதனால், தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்த ஆங்கிலேயர் அக்கட்டினின்று விடுபட்டதாகக் கருதினர். அவருட் சிலர் தப்பிக் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையை அடைந்தனர். அவருள் எழுத்தராயிருந்த இராபர்ட்டு கிளைவும் ஒருவர். சென்னை தமக்குக் கிட்டாமையைக் கண்ட நவாபு தம் மகன் மகபூசுகானைப் படையோடு அனுப்பினார். பாரதி என்னும் படைத்தலைவர் சிறு படைகொண்டு அப்பெரும்படையைச் சாந்தோம் அருகே அடையாற்றங்கரையில் முறியடித்தார். அவ்வெற்றி பிரெஞ்சுக்காரர்க்குப் புகழ் தந்தது. ஆயினும், எழுதிக் கொடுத்த வாக்குப் பொய்த்ததனாலேயே அப்போர் நேர்ந்தது என்பதை மறத்தலாகாது.

லபூர்தொனே பிரான்சு திரும்பியபின் 1748இல் பாசுத்தில் சிறையில் அடைக்கப்பட்டார். 1751இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்று வெளிவந்து, 1753இல் இறந்தார். டூப்ளேயும் 1754இல் திரும்ப அழைக்கப்பட்டார். இருவர் பூசலுக்கும் காரணமாகிய சென்னையோ, ஐரோப்பிய உடன்படிக்கை ஒன்றினால் 1749இல் ஆங்கிலேயரிடமே மீண்டது.

5. நிகழ்ச்சி உணர்த்துவது

இப்பூசலை இரு தனிமனிதரின் செருக்கு எனக் கொள்வாரும், கையூட்டின் விளைவு எனக் கொள்வாரும் உளர். அவை ஓரளவு உண்மையாகலாம். ஆயினும் கடிதங்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு வேறொரு காரணம் புலனாகும். இருவரும் செய்தியை மறைத்ததனால் மட்டும் பூசல் எழவில்லை. இருவரும் நாள்தோறும் எழுதியவண்ணமே இருந்தனர். இல்லாதது செய்தியன்று, யாருடைய சொல் முடிந்த சொல் என்னும் வரையறையே இல்லாதது. பாரிசிலிருந்த தலைமை, ஒருவர்க்கு எழுதியதன் படியை மற்றவர்க்கு அனுப்பி இருவர் எல்லையையும் வகுத்திருப்பின், புயலுக்கு முன்பே கப்பல்கள் பாதுகாப்பான இடம் சென்றிருத்தல் கூடும்.

இரண்டாவதாக, அயலரசுக்கு அளிக்கும் வாக்கு எல்லாக் கிளைகளுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். நவாபுக்குச் சென்ற பாரசீகக் கடிதத்தின் கருத்தைச் சென்னை முற்றுகையில் ஈடுபட்டவர் உரிய காலத்தில் அறிந்து ஏற்றிருந்தாலன்றி, அதனை நிறைவேற்ற வழியில்லை. அக்கடிதத்தின் சொல்லும் பொருளும் அறிந்தவர் புதுச்சேரியில் கவர்னரும் துபாசியும் பாரசீகம் வல்லாருமேயாவர்.

மூன்றாவதாக, அலுவற் கடிதங்கள் ஒரு முடிவை மட்டுமே காட்டுவன. அம்முடிவுக்கு முன் நிகழ்ந்த ஐயமும் அச்சமும் மாறுபாடும் தமிழ் நாட்குறிப்பிலேதான் காணக்கிடக்கின்றன. ஆதலின், பிரெஞ்சு ஆட்சியின் வரலாற்றை எழுதுவார்க்குத் தமிழ்ச் சான்று துணைச்சான்று மட்டுமன்று. அதுவும் முதற்சான்றே என்பது தெளிவு.

முடிவுரை

ஆனந்தரங்கப் பிள்ளை 1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாவதற்குச் சில நாள்களுக்கு முன் காலமானார். அவர் வகித்த பதவியும் காலப்போக்கில் மறைந்தது. ஆயினும் அவர் காலத்து வினா மறையவில்லை. 1956 மே 28ஆம் நாள் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்டு 1962இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, மக்களின் பேராளர் வேறு முடிவு செய்யுமளவும் பிரெஞ்சே ஆட்சிமொழியாக நிற்கும் என்று கூறிற்று. 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கி, மாகியில் மலையாளத்துக்கும் ஏனாமில் தெலுங்குக்கும் இடமளித்து, ஆங்கிலமும் தொடர வழிசெய்தது. ஒன்றற்கொன்று தொலைவிலுள்ள நான்கு பகுதிகளையும் பல மொழிகளையும் ஓராட்சியின்கீழ் இணைத்தல் புதுச்சேரிக்குப் பழைய பணியேயாம்.

ஒரு துறை எழுதுவதைப் பிற துறை உரிய காலத்தில், உரிய மொழியில், உரிய அதிகாரத்தோடு பெறுதல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் கடிதம் வெறும் தாளாகும். 1746இல் காலமும் அதிகாரமும் குறைந்தன. 1716இல் மொழி குறைந்தது. முன்னதனாற் கப்பல்களும் பல்லாயிரவர் நம்பிய வாக்கும் அழிந்தன. பின்னதனால் ஒருவர் சிறையில் மாண்டார். புதுச்சேரியின் பழங்கடிதங்களும் தமிழ் நாட்குறிப்பும் ஒருங்கே நின்று அறிவுறுத்தும் உண்மை இதுவேயாகும்.